நீலப் பூப்போட்ட உடை

மார்ச் பதினான்காம் நாள், வெள்ளிக்கிழமை முற்பகல். கன்னியர் மடத்துத் தையலறை. துறவறம் பூண வருகிறவள் அணிந்து வந்த உடையைத் துவைத்து மடித்து, துறவற உறுதிமொழியான இறுதி வார்த்தைப்பாட்டை அவள் கொடுக்கும்வரை அலமாரியில் காப்பது இம்மடத்தின் வழக்கம். மனம் மாறினால் அதை அணிந்துகொண்டு அவள் வீடு திரும்பலாம். வார்த்தைப்பாடு ஞாயிற்றுக்கிழமைதான். ஆயினும் தையல் சகோதரியின் கத்தரிக்கோல் நீலப் பூப்போட்ட துணியில் நிதானமாக நகர்கிறது. ஜன்னல்கள் சாத்தியிருக்கின்றன. வாசலில் நிற்கும் இளம்பெண்ணின் விரல்கள் தன் வெள்ளை முக்காட்டின் ஊசியைத் தடவுகின்றன.

"அது என்னோடது சிஸ்டர். இன்னிக்கு மதர்கிட்ட பேசணும்னு இருந்தேன்."

"தெரியும்மா. நேத்து ஜெபத்துல நீ அழுததை அவங்களும் பாத்தாங்க. அவங்கதான் வெட்டச் சொன்னாங்க." சகோதரி நிமிரவில்லை. "இது இனி உனக்கு இடுப்புக்குக்கூட ஏறாது. மடத்துச் சாப்பாடு அப்படி."

அடுத்த அறையில் யாரோ சிரிக்கிறார்கள். ஞாயிறன்று அவள் அணியவேண்டிய, கஞ்சியில் விறைத்த புதிய கறுப்பு முக்காடு, நாற்காலி முதுகில், ஆள் அமர்ந்திருப்பதுபோல் நிற்கிறது. இளம்பெண் திரும்புகிறாள், அவளுக்குப் பின்னால் இரண்டு மூத்த சகோதரிகள் ஏற்கெனவே நிற்கிறார்கள்.

சடங்கைக் குறித்த நேரத்தில் நடத்துவதென்றும், அதுவரை அவளைத் தனியே விடுவதில்லை என்றும் முடிவு செய்யப்பட்டது.