வெத்துத் தாள்ல கையெழுத்து

"இங்கெல்லாம் வந்து நிக்கக் கூடாது. போ, போ!"

எம்எல்ஏ முத்தையன் வாசல்ல நின்னு அல்லிய வெரட்டுனாரு. மனு குடுக்க வந்த சனம் அம்புட்டும் வேடிக்கை பாத்துச்சு. ரெண்டு பேரு சிரிச்சும் வச்சாங்க.

அல்லி பொறந்தப்ப ஆம்பளப் புள்ள. பதினஞ்சு வருசமா சேலை, பூவு, பொட்டு. பெத்த அப்பனே ரேஷன் கார்டுல பேர அடிச்சுட்டாரு. கோட்டுச்சேரில ஒரு குடிசைல இருக்கா. அவ கேட்டது ஒரே ஒரு கடுதாசி. 'இந்தப் பொம்பள நம்ம ஊருதான், கார்டு குடுங்க'ன்னு.

"கார்டு இல்லாட்டி, எந்த ஊருடி நீன்னு போலீசு பஸ் ஏத்தி வுடுதுய்யா. நா பொறந்ததே இங்கதான்யா."

"அதுக்கு நா என்ன பண்றது? நாலு பேரு பாக்குறாங்க. போம்மா."

உள்ள மனு எழுதிக்கிட்டிருந்த மாரிக்கண்ணுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எம்எல்ஏகிட்ட எழுத்து வேலை பாக்குறவன். படிப்பு அஞ்சாங்கிளாசு. கோவம் மட்டும் பி.ஏ.

'இவரு பண்ணுன சாதனை தெரியாதா? எம்எல்ஏ ஆயி ரெண்டு வருசம். சட்டசபைல வாயத் தொறந்தது ரெண்டு தடவை. ஒண்ணு பதவி ஏத்துக்க, இன்னொண்ணு கொட்டாவிக்கு!'

மறுநா காலைல முத்தையன் பையத் தூக்கிட்டாரு.

"சபை கூடுதுடா. பாண்டிச்சேரி போறேன். வர பத்து நாளு ஆகும்."

காரைக்கால்லேர்ந்து பஸ்ல போயி எறங்கவே நாலு மணி நேரம். அவரு திரும்பி வர்ற வரைக்கும் ஊரு சனம் கடுதாசிக்கு அல்லாட வேணாமேன்னு, லெட்டர்பேடு வெத்துத் தாள்ல கையெழுத்த மட்டும் போட்டு மாரிக்கண்ணுகிட்ட குடுத்துட்டுப் போவாரு. மேல எழுதிக்கிறது இவன் பொறுப்பு.

"பாத்து எழுதுடா."

"சரிங்கய்யா."

பஸ் கெளப்புன புழுதி அடங்கல. மாரிக்கண்ணு சைக்கிள் கோட்டுச்சேரில நின்னுச்சு.

"இந்தா அல்லி, கடுதாசி."

"அய்யாவா குடுத்தாரு?"

"கையெழுத்து அவருதுதான். அதுக்கு மேல கேக்காத."

"படிச்சுக் காட்டுண்ணே."

"'திருமதி அல்லி என்பவர்...'"

"திருமதியா? எம் புருசன் யாருண்ணே?"

"அவன அப்புறம் தேடிக்கலாம். மொதல்ல கார்ட வாங்கு. 'இவரை எனக்குப் பல வருடங்களாக நன்றாகத் தெரியும்...'"

எல்லாருக்கும் எழுதுற வரிதான் அது. ஆனா ரேஷன் ஆபீசுல எவனோ அத சத்தமாப் படிச்சுட்டான். சாயங்காலத்துக்குள்ள கோட்டுச்சேரிலேர்ந்து நெரவி வரைக்கும் இதே பேச்சு.

"எம்எல்ஏவுக்கு அல்லிய பல வருசமா நல்லாத் தெரியுமாம்ல!"

அன்னிக்கு டீக்கடைல சக்கரை போடாமலே டீ இனிச்சுது.

பத்து நாளு கழிச்சு முத்தையன் வந்து பையக் கூட எறக்கல. சார்ல்னு பேரு, ரேஷன் இன்ஸ்பெக்டரு, அந்தக் கடுதாசியோட வந்து நின்னாரு. பின்னாடியே இருவது முப்பது பேரு. வேற வேலை?

"சார், தப்பா நெனைக்காதீங்க. மேல புகார் போயிருக்கு. இது நீங்க குடுத்ததுதானா? பொய்க் கடுதாசின்னா போலீசுக்கு எழுதணும். எழுதுனவன உள்ள வச்சுருவாங்க."

மாரிக்கண்ணுக்கு வேட்டி இடுப்புல நிக்கல. அவரு 'இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவரு மானம் தப்பிச்சுரும். இவன் செயிலுக்கு, அல்லி பஸ்ஸுக்கு.

முத்தையன் கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் படிச்சாரு. கூட்டத்த ஒரு பார்வை பாத்தாரு. மறுபடியும் படிச்சாரு.

"எங் கையெழுத்துதான். நாந்தான் குடுத்தேன்."

கூட்டத்துல ஒருத்தன் விசிலடிச்சான்.

சார்ல் தொண்டையச் செருமிக்கிட்டாரு. "இல்ல சார்... அவங்கள உங்களுக்கு..."

"நல்லாத் தெரியும். எந் தொகுதிப் பொம்பளைய எனக்கே தெரியலன்னா நா என்ன எம்எல்ஏ? கார்டப் போட்டுக் குடுங்க."

"அப்பச் சரிங்க சார். இன்னிக்கே போட்டுர்றேன்."

"ஓட்டு போச்சுய்யா உனக்கு!"ன்னு எவனோ கத்திட்டுப் போனான். கூட்டம் கலைஞ்சுது.

மாரிக்கண்ணு நெடுஞ்சாங்கட்டையா அவரு கால்ல வுழுந்தான்.

"அய்யா, மன்னிச்சுருங்கய்யா. அன்னிக்கு நீங்க வெரட்டுனது மனசு தாங்கல. நாந்தான் எழுதிட்டேன். உங்களப் பயந்தாங்கொள்ளின்னு வேற நெனச்சுட்டேன்யா."

"நெனச்சது சரிதான், எந்திரி. ஆமா, அல்லி மாதிரி இன்னும் மூணு பேரு அங்க இருக்காங்களாமே?"

"இருக்காங்கய்யா."

"பேரெல்லாம் சரியாக் கேட்டு வச்சுக்க. நாளைக்கு நா மறுபடி பாண்டிச்சேரி கெளம்புறேன். சபை இருக்கு."

மாரிக்கண்ணு தலையச் சொறிஞ்சான். "இன்னும் ரெண்டு மாசத்துக்கு சபை இல்லன்னு ரேடியோல சொன்னானுங்களே அய்யா?"

முத்தையன் பேனா மூடியத் தொறந்தாரு.

"தாள எடுடா மொதல்ல. போன தடவை மட்டும் சபை இருந்துச்சாக்கும்? கடலூர்ல மச்சான் வீட்ல பத்து நாளும் இட்டிலி தின்னுட்டுல்ல வந்தேன்!"