இன்ச்சின் எதிரி

"இந்த வெளிநாட்டு பைக்கைச் செஞ்சவனுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? உலகமே எம்.எம்.முக்கு மாறிடுச்சு. இவன் மட்டும் இன்னும் இன்ச்சைக் கட்டிக்கிட்டு அழறான்!"

மெக்கானிக் ஸ்பேனரை வீசி எறிந்தார். அந்த பைக்கின் அரை இன்ச் போல்ட்டில், அவசரத்தில் பதிமூன்று எம்.எம். ஸ்பேனரை மாட்டிவிட்டார். அது வழுக்கி, விரல் முட்டி பெயர்ந்து ரத்தம் எட்டிப் பார்த்தது.

பிளாஸ்திரியோடு வந்தாள் மனைவி. "இது உங்களுக்குப் புதுசா? வாரத்துக்கு ஒரு விரல்!"

"எதிர்க்கடைக்காரனைப் பாரு. இன்ச் வண்டின்னாலே பெரிய கும்பிடா போட்டு இங்க தள்ளி விட்டுடறான். அவனோட விரலெல்லாம் பத்திரமா இருக்கு!"

அவள் சிரிக்கவில்லை. எதிரே கண்ணாடிச் சுவரும் ஏசியுமாக அந்த ஒர்க்‌ஷாப் வந்த நாளிலிருந்து, இந்தத் தகரக் கூரைக் கடை இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்குமோ என்பதே அவள் கவலை.

லீவில் வந்திருந்த அவள் தம்பி, பழைய டயர் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த பைக்கைத் தயாரிக்கும் கம்பெனியிலேயே இன்ஜினீயர் அவன்.

"மாமா, இங்க கத்தி என்ன புண்ணியம்? எங்க கம்பெனிக்கே சொல்லுங்க" என்று போனை எடுத்தான். "எல்லா போல்ட்டையும் எம்.எம்.முக்கு மாத்தலாமான்னு அங்க பெரிய பேச்சு நடக்குது. மாத்தினா அத்தனை மிஷினையும் மாத்தணும், பழைய வண்டிக்குத் தனியா பார்ட்ஸ் செய்யணும்னு பாதிப் பேர் முரண்டு பிடிக்கிறாங்க. மத்த நாட்டு மெக்கானிக்குங்க கருத்தை வீடியோல கேட்டிருக்காங்க. நீங்க இப்பத் திட்டினதை அப்படியே சொன்னாப் போதும், மாத்திடுவாங்க!"

"நிஜமாவே மாத்திடுவாங்களா?"

"சத்தியமா மாமா."

"பேசுங்க, பேசுங்க" என்றாள் மனைவி. "தினம் என் காதுல ஓதறதை அவங்க காதுலயும் ஓதுங்க. நான் கொஞ்சம் நிம்மதியா இருப்பேன்."

போன் நீண்டது. மெக்கானிக் தலையைக் கோதிக்கொண்டார், தொண்டையைச் செருமினார். கடையில் வரிசையாக நின்ற பைக்குகளை ஒரு பார்வை பார்த்தார். பிளாஸ்திரி ஒட்டிய விரல் மெல்ல முதுகுக்குப் பின்னால் போனது.

"வணக்கம். இன்ச்சுங்கறது... ரொம்ப அருமையான அளவுங்க. போல்ட்டும் ஸ்பேனரும் புதுசாக் கல்யாணமான ஜோடி மாதிரி ஒட்டிக்கும். உங்க பெரியவங்க யோசிக்காமலா வெச்சிருப்பாங்க? தயவுசெஞ்சு எதையும் மாத்திடாதீங்க!"

மச்சான் வாயைப் பிளந்தான். ஒன்றும் புரியாமல் போனைப் பார்த்தபடி தெருவுக்கு இறங்கிப் போனான்.

மனைவி இடுப்பில் கை வைத்தாள். "கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து இன்ச்சைத் திட்டாம நீங்க ஒரு வாய் காபி குடிச்சதில்லை. கேமராவைப் பார்த்ததும் என்ன, பல்டி?"

மச்சான் காதுக்கு எட்டாத தூரம் போய்விட்டானா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார் மெக்கானிக். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அசடு! அவன் எம்.எம்.முக்கு மாறிட்டா, நம்ம கடைக்கு எவன்டி வருவான்?"