வெள்ளிக்கிழமைக் கை

"மருந்து ஏத்தி நரம்பைச் சுருக்கிட்டா வலி போயிடும். இன்னைக்கு ஒரு கைக்குத்தான். எதுல வலி ஜாஸ்தி?" என்றார் டாக்டர்.

தனிஸ்லாஸின் இரு புறங்கைகளிலும் நரம்புகள் மண்புழுக்களாகப் புடைத்திருந்தன. வெள்ளிதோறும் அவர் நர்சிங் கல்லூரிக்குப் போவார்; மாணவிகள் ஊசி குத்திப் பழகுவது அவருடைய வலது கையில்தான். "அசையாதீங்க தாத்தா. அசைஞ்சா மறுபடி குத்துவேன்," என்று மிரட்டுவாள் மாணவி ஷைனி. குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்தபடி கதையளப்பாள். வாரத்தில் ஒரு மனுஷ விரல் அவர்மேல் படுவது அப்போது மட்டும்தான்.

"சுருக்கினப்புறம் அதுல ஊசி ஏறுமா டாக்டர்?"

"ஏறாது. இனிமே எதுக்கு அந்த வம்பு? நிம்மதியா வீட்ல இருங்க."

வலது கை விண்விண்ணென்று தெறித்தது. அதை மெல்ல மடிக்குள் இழுத்துக்கொண்டு, தனிஸ்லாஸ் இடது கையை நீட்டினார்.

"இதுலதான் டாக்டர், உயிர் போகுது."