பேரச் சொல்லுங்க மேடம்

"உங்க பேரச் சொல்லுங்க மேடம்" என்றாள் ஏஞ்சல்.

எனக்கு வந்ததே ஒரு எரிச்சல்.

பித்தப்பையை எடுத்து முழுதாக ஒரு நாள் ஆகவில்லை. இருமினால் உயிர் போகிறது. வலிக்கு ஊசி கேட்டு எவ்வளவு நேரமாகக் கத்திக்கொண்டு கிடக்கிறேன்! தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவள் போட்டுவிட்டுப் போக வேண்டாமா? பெயர் கேட்கிறாளாம், பெயர்.

அதுவும் என்னிடம். இந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிள்ளைகளுக்கு டிரெயினிங் கொடுப்பதே நான்தான். இவளுக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

நான் கண்ணைத் திறக்கவில்லை. நைட்டியின் கையை மேலே சுருட்டிவிட்டு, கையை நீட்டினேன்.

அவள் அசையவில்லை.

சங்கரன்கோவிலில் எந்தப் பெண்கள் வார்டு வாசலிலும் நின்று "கோமதி" என்று கூப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று கட்டிலிலிருந்து தலை திரும்பும். எல்லாம் இந்த ஊர்க் கோமதி அம்மனின் ஆடித் தபசுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைகள். அதனால்தான் ஊசிக்கு முன்னால் பெயரைக் கேட்க வேண்டும், கூடவே அப்பா பெயரையும் கேட்க வேண்டும் என்று விதி வைத்தேன். முதலில் புருஷன் பெயரைத்தான் கேட்கச் சொல்லியிருந்தேன். கிராமத்துப் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களே தவிர, ஒருத்தியும் சொல்லவில்லை. பிறகு அப்பா பெயராக மாற்றினேன்.

"நீங்கதான கோமதி?" என்று மட்டும் கேட்கவே கூடாது என்பேன். அரை மயக்கத்தில் கிடக்கிறவர்கள் எதைக் கேட்டாலும் "ஆமா" என்பார்கள். "ஆமா" ஒரு பதிலே இல்லை. கட்டில் நம்பரை நம்பாதே. தெரிந்தவர்கள் என்றால் கட்டாயம் கேள்.

வகுப்பில் நன்றாகத் தலையாட்டுவார்கள். சமோசா தின்பார்கள். மாடிப்படி இறங்குவதற்குள் எல்லாம் போய்விடும். ஒரு நாள் வகுப்பில் என்ன நிற்கும்? அதனால் ஷிப்ட் மாறும் நேரமெல்லாம் வார்டு வாசலில் போய் நின்றேன். ஒருத்தியைக் காலிக் கட்டிலில் படுக்கச் சொல்லி, இன்னொருத்தியைக் கேட்க வைத்தேன். தினமும் இதே கூத்துதான்.

"ஏட்டி, பேரு மேடம் வாரா" என்று என் காதுபடவே சிரித்தார்கள்.

எனக்கும் சலித்துவிட்டது. செவிடன் காதில் எத்தனை நாள்தான் சங்கு ஊதுவது? இன்று காலையில் வந்த பிள்ளையும், மதியம் வந்தவளும் "என்ன மேடம், எப்படி இருக்கீக?" என்று இளித்துவிட்டு, எதுவுமே கேட்காமல் ஊசியைப் போட்டுவிட்டுப் போனார்கள். நானும் பேசாமல் கிடந்தேன். வீட்டுக்குப் போனதும் முதல் வேலை, இந்த வேலையை விடுவதுதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். இத்தனை நாள் தண்டமாக உழைத்தது போதும்.

ஏஞ்சல் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏட்டி, எம் பேரு ஒனக்குத் தெரியாதாக்கும்? சீக்கிரம் போட்டுத் தொலை."

"தெரியும் மேடம். ஆனா நீங்க சொல்லணும்லா. சொன்னாத்தான் போடுவேன்."

குரல் நடுங்கியது. ஆனால் ஆள் நகரவில்லை.

ஊருக்குத்தான் உபதேசம் என்று எனக்கே உறைத்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை.

"கோமதி. போதுமா?"

"அப்பா பேரு?"

"ஆவுடையப்பன்!"

கத்தியதில் தையல் சுண்டி இழுத்தது. தட்டில் இருந்த தாளை அவள் எடுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஊசி ஏறவில்லை.

கண்ணைத் திறந்தேன்.

ஏஞ்சல் தட்டோடு ஜன்னலோரக் கட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே பனவடலிசத்திரத்துக்காரி ஒருத்தி, சர்க்கரை ஏறி ஆறாமல் போன கால் புண்ணோடு படுத்திருந்தாள்.

"உங்க பேரச் சொல்லுங்கம்மா."

"கோமதி" என்றாள் அவள்.

தட்டில் இருந்தது ஆரஞ்சு மூடி போட்ட சின்ன ஊசி. இன்சுலின்.

மதியம் வரைக்கும் அந்த ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தது நான். அவள் இந்தக் கட்டிலில் கிடந்தாள். வெயில் மூஞ்சியில் அடிக்கிறது, ஃபேன் காற்றும் வரவில்லை என்று நான் செய்த ரகளையில், பாவம், அவளே எழுந்து நொண்டிக்கொண்டு வந்து இடம் மாற்றிக் கொடுத்தாள். மாறியதை ஒரு நர்ஸிடமாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கட்டில் நம்பரை நம்பாதே என்று ஊரெல்லாம் கத்துகிறவள் நான்.

எனக்குச் சர்க்கரை கிடையாது. நேற்றிலிருந்து ஒரு வாய் கஞ்சிகூட உள்ளே இறங்கவில்லை. அந்த ஊசி ஏறியிருந்தால் வலிக்கிறதென்று கத்த நான் இருந்திருப்பேனா தெரியாது.

ஏஞ்சல் திரும்பி வந்தாள், வேறு தட்டோடு. முகம் வெளிறிப்போயிருந்தது. என் கட்டிலருகே நின்று ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டாள்.

"உங்க பேரச் சொல்லுங்க மேடம்."

"கோமதி."

"அப்பா பேரு?"

"ஆவுடையப்பன்."

பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சொன்னேன். அவள் தாளைப் பார்த்தாள். பிறகு ஊசியைப் போட்டாள்.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை வரவில்லை.

"ரொம்ப வலிக்கா மேடம்?"

"ஆமா" என்றேன்.

அதை மட்டும் அவள் நம்பிவிட்டாள்.