எட்டி நில்

காலையில் காப்பியைக்கூடத் தொடாமல் கிளம்பிப் போன கணவன், மாலையில் வாசலிலேயே குழந்தையைத் தடுத்தான். "கிட்ட வராத! அம்மாகிட்ட போ!"

ஆசையாக ஓடிவந்த குழந்தை வீறிட்டு அழுதது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெத்த பிள்ளையைத் தொட்டா கை வெந்தா போயிடும்?"

அவன் ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தான்.

"பகல் பூரா போனை வேற அணைச்சு வச்சிருந்தீங்க. யார் அவ?"

"இன்னிக்கு நான் அந்த ரூம்ல தனியா படுத்துக்கறேன். நாளைக்குப் பேசலாம்." இன்னொரு செம்பை மொண்டான்.

"நாளைக்கு என்ன, நல்ல நேரம் பாத்து வச்சிருக்கீங்களா?" என்றவள், சட்டைக் கை விலகிய இடத்தில் பிளாஸ்திரியைப் பார்த்தாள்.

ஊசியில் ஏற்றிய மருந்து உடம்புக்குள்ளிருந்து வீசும், கண்ணுக்குத் தெரியாத கதிர்வீச்சை வைத்துப் புற்றுநோயைப் படம்பிடிப்பதுதான் ஆஸ்பத்திரியில் அவள் வேலை. வெறும் வயிற்றோடு வருகிறவர்களிடம் தினமும் வாய் வலிக்கச் சொல்வாள்: "நிறைய தண்ணி குடிங்க. இன்னிக்கு மட்டும் குழந்தைங்களைக் கிட்ட சேர்க்காதீங்க."

"எங்க ஆஸ்பத்திரிக்கு ஏன் வரல?" என்று கேட்டாள்.

"அங்க வந்தா, படத்தை மொதல்ல நீதானே பாத்திருப்ப?"