பார்த்துக்கொள்ள ஆள்: முருகன்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இடுப்பெலும்பு உடைந்து தேறிவரும் செங்கமலம்மாள் கண்ணயர்ந்திருந்தாள். பக்கத்து மேஜையில் அவளுடைய டிஸ்சார்ஜ் படிவமும், அதன்மேல் முத்திரையும் டாக்டரின் பேனாவும் இருந்தன.

“எல்லாக் கட்டமும் நிரம்பியாச்சு,” என்றது முத்திரை. “காய்ச்சல் இல்லை. பிரஷர் நார்மல். வீட்டுல பார்த்துக்க ஆள்: முருகன். உறவு: மகன். கையெழுத்தைப் போடு. இந்தக் கட்டில் காலியாகட்டும்னு வெளியே நாலு பேர் காத்திருக்காங்க.”

பேனா கையெழுத்துக் கோட்டில் மூக்கை வைத்தபோது, கட்டிலோரம் சாய்ந்திருந்த கைத்தடி கேட்டது: “எந்த முருகன்?”

“வீட்டுல யார் இருக்காங்கன்னு நர்ஸ் கேட்டதுக்கு, ‘முருகன் இருக்கான், பாத்துக்குவான்’னு இந்தம்மாதானே சொன்னாங்க?” என்றது முத்திரை.

“ஏழு வருஷமா அந்த வீட்டுல இவங்களோட நான் மட்டும்தான் இருக்கேன். முருகன் காலண்டர்ல இருக்கார்.”

பேனா நிமிர்ந்துகொண்டது.

“அது நம்ம வேலையில்லை,” என்றது முத்திரை. “கட்டம் காலியா இருந்தா நிறுத்து, நிரம்பிட்டா எழுது. முரண்டு பிடிச்சா உன்னைக் குப்பையில போட்டுட்டு வேற பேனா எடுப்பாங்க.”

“எடுக்கட்டும்.”

பேனா ‘மகன்’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘சாமி’ என்று எழுதியது. முத்திரை ஆத்திரத்தில் தாளின்மேல் ஓங்கி விழுந்தது. அதன் கீழே கையெழுத்துக் கோடு வெறுமையாகவே கிடந்தது.

“என்ன, மை தீர்ந்துபோச்சா?”

“நிறைய இருக்கு. அந்த முருகன் நேர்ல வந்து இவங்களைக் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போகட்டும், போடறேன்.”