வெளிச் சத்தம்

"அசையாதீங்க, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் அந்தப் பெண்ணின் இரண்டு காதுகளையும் உள்ளங்கைகளால் மெல்ல அழுத்தினார்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு வயிறு எரிந்தது. அழுத்தியது காதுகளை அல்ல, காதுகளின் மேல் இருந்த ஹெட்போனைத்தான். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் எரிந்தது.

"இப்ப எப்படி இருக்கு?"

"பாட்டு அருமையா இருக்கு சார். ஆனா இந்த ஃபேன் சத்தம் லேசா கேக்குது."

"உங்க கண்ணாடிதான் காரணம். ஃப்ரேம் நடுவுல நிக்கறதால குஷன் சரியா ஒட்டல. அந்தச் சந்துலதான் சத்தம் நுழையுது. இருங்க, இதைவிட மெத்துன்னு ஒண்ணு எடுக்கறேன்."

எடுத்தார். எடுத்ததைத் துணியால் துடைத்தார், அளவைக் கூட்டிக் குறைத்தார், மறுபடியும் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். மனைவிக்குக் கம்மல் வாங்கப் போனால் வாசலில் நின்று போனைப் பார்க்கிற மனுஷன், இங்கே ஒவ்வொரு காதாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் வருவது இது முதல் தடவையல்ல. முதலில் வந்தபோது எந்த ரகம் வாங்குவது என்று கேட்டாள். இவருக்குத்தான் ஹெட்போன் என்றால் வாய் ஓயாதே.

"பின்பக்கம் திறந்த ரகம்னா பெரிய ஹால்ல உட்கார்ந்து கேக்கற மாதிரி இருக்கும். ஆனா பாட்டு வெளிய போகும், வெளிச் சத்தம் உள்ள வரும். தினமும் வீட்டுல கேக்கறதுக்கு மூடின ரகம்தான். கதவைச் சாத்திக்கிட்டு கேக்கற மாதிரி" என்றார்.

கதவைச் சாத்திக்கொள்வதாமே! கல்லாவில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மனைவிக்குப் புரையேறியது.

வாங்கிக்கொண்டு போனவள் அடுத்த வாரமே திரும்பி வந்தாள். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று கடையில் போர்டு வைத்தது இவர்தானே. மாற்றிக் கொடுத்தார். இதோ, அதையும் தூக்கிக்கொண்டு மறுபடி வந்து நிற்கிறாள்.

கடையில் குரலை உயர்த்தக் கூடாது என்பது மனைவியின் கொள்கை. வாடிக்கையாளர் முன்னால் சிரித்த முகம், மற்றதெல்லாம் வீட்டுக்குப் போய். அந்த மற்றதைக் கேட்டுக் கேட்டுத்தான் கொஞ்ச நாளாகக் கடைக்காரர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

இன்றைக்கும் அந்தப் பெண் வந்தால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது, திரும்பி வருவதே இல்லை என்று காலையில் மனைவி முடிவு செய்திருந்தாள். துணிப் பை கல்லாவுக்கு அடியில் தயாராக இருந்தது. அந்தப் பெண் வரக் கூடாதே என்று காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததும் அவளேதான்.

"போன தடவை கொடுத்ததும் சரிப்படலையா?" கடைக்காரர் கேட்டார்.

"ஆபீஸ்ல பிரமாதம் சார். வீட்டுலதான் சரிப்படல. வேலை முடிஞ்சு வந்து நாலு பாட்டு கேக்கறதுதான் எனக்கு இருக்கிற ஒரே சுகம். அதுவும் போச்சு. முன்னெல்லாம் இப்படி இல்ல. இங்க முதல்ல வந்துட்டுப் போன அன்னைக்குத்தான் ஆரம்பிச்சது."

இங்கே வந்துட்டுப் போன அன்னைக்கு ஆரம்பிச்சதாம். வியாதி எப்போது பிடித்தது என்று வாய் கூசாமல் சொல்கிறாள் பார் என்று மனைவி பல்லைக் கடித்தாள்.

"கவலைப்படாதீங்க. உங்களுக்குச் சரியா அமையற வரைக்கும் நான் விடமாட்டேன்" என்றார் கடைக்காரர்.

அவ்வளவுதான். கொள்கை காற்றில் பறந்தது. மனைவி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"ஏய் கண்ணாடிக்காரி! உனக்கு ஹெட்போன் வேணுமா, என் புருஷன் வேணுமா? அதை மொதல்ல சொல்லு! ஊருல இவர் ஒருத்தர்தான் கடை வெச்சிருக்காரா? நானும் போனாப் போகுதுன்னு பாத்தா, வாரா வாரம் காதைக் காட்டிக்கிட்டு வந்து நிக்கற!"

கடைக்காரர் கையிலிருந்த பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. ஹெட்போனை மெதுவாகக் கழற்றினாள். எங்கேயோ கேட்ட குரலை அடையாளம் கண்டுகொண்டவள்போல் மனைவியையே உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, தண்ணித் தொட்டிக்கு எதிர்ல இருக்கிற ஃப்ளாட்ல, கீழ் வீடு உங்களோடதா?"

"ஆமா. வீடு வரைக்கும் விசாரிச்சாச்சா?"

"விசாரிக்கல அக்கா. நான் அங்க மேல் வீட்டுக்குப் புதுசா குடி வந்திருக்கேன். கீழ இருந்து வர்ற சத்தம் தாங்காமத்தான் இப்படி மாத்தி மாத்தி வாங்கிட்டிருக்கேன்."

மனைவி குனிந்து, சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள்.

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தினமும் ராத்திரி நீங்க திட்டுற அந்தக் கண்ணாடிக்காரி... நான்தானா?"